இதர காரணம்

ஜோவால் கரையில் எங்கள் கம்பெனி
ஐஸ் கிடங்கு திறந்தபோது
விற்பனைப் பொறுப்பு என் தலையில்.
கிடங்கு வாசலிலிருந்து எண்ணிப் பார்த்தேன்:
யாசின் ஜூஃபின் மீன் கொட்டகைக்கு
நாற்பதே காலடி.

இருபத்தைந்து கிலோ கட்டி,
மற்றவர் விலையில் நூறு பிராங்க் குறைவு,
முதல் மாதம் பத்துக்கு ஒன்று இலவசம்.
வண்டி வேண்டாம், வாடகை வேண்டாம்,
தள்ளிவிட்டால் மணலில் சறுக்கியே
போய்ச் சேர்ந்துவிடும்.

அவளோ
எம்பூரிலிருந்து முப்பது கிலோமீட்டர்
முனகி முனகி வரும் லாரிக்குக்
காத்திருக்கிறாள்.
லாரிக்காரன் அசான் துராம்.
முன்விளக்கில் ஒன்றுதான் எரியும்.
வழியெல்லாம் சொட்டிச் சொட்டிக்
கட்டிக்கு இரண்டு கிலோவாவது குறைந்து வரும்.

முதல் முறை போனபோது தேநீர் கொடுத்தாள்.
இரண்டாம் முறையும் தேநீர்தான்.
மூன்றாம் முறை மீனைப் பற்றியே பேசினாள்.
நாலாவது முறை
தலைமை அலுவலகம் அனுப்பிய படிவத்தோடு போனேன்.
‘தற்போது பெறும் சேவையில் உங்கள் திருப்தி:
ஒன்று முதல் ஐந்துக்குள்.’

செதில் ஒட்டிய முழங்கையால் நெற்றியைத் துடைத்து
“எந்த நாளுக்கு?” என்றாள்.

“செவ்வாய்க்கு ஒன்று போடு.
செவ்வாய் தவறாமல் தாமதம்.
போன வாரம் திட்டிய திட்டில்
அவன் அம்மாவை மட்டும்தான் விட்டுவைத்தேன்.
உருகின எடையை
நான் வாய் திறக்கும் முன்பே கழித்து எழுதுகிறானே,
அதற்கு நாலு.
நோன்புப் பெருநாளுக்கு முந்தின ராத்திரி ஒன்று உண்டு.
அதற்கு உன் தாளில் எண் இருக்கிறதா?”

நான் பேனாவை மூடவில்லை.

“மூன்று படகுச் சாளை எனக்கு அன்று.
மணி மூன்றிருக்கும், கதவைத் தட்டினான்.
வெளியே வெறும் லாரி.
ஆலையில் எந்திரம் படுத்துவிட்டது,
ஐஸ் இல்லை என்றான்.
இதைச் சொல்லவா இவ்வளவு தூரம்,
போனில் சொன்னால் ஆகாதா என்றேன்.
‘போனில் நீ திட்டுவது
சரியாகக் கேட்காது’ என்றான்.
பிறகு லாரியைத் திருப்பினான்.
விடிவதற்குள் நாற்பத்தாறு கட்டி இறங்கின.
அதே விலை. ஒரு பிராங்க் கூட இல்லை.”

கொஞ்ச நேரம் கத்திதான் பேசியது,
பலகையில் டக் டக்கென்று.

“உன் கிடங்கில் விளக்கு எரிந்தது
இங்கிருந்தே தெரிந்தது.
எவ்வளவு கொடுத்தான் என்று
அவன் இன்றுவரை சொல்லவில்லை.
நீ சொல்லேன்.”

அன்று இரவுக் காவல் என்னுடையது.
ஒற்றை விளக்கு வந்து நின்றது.
முகத்தைப் பார்க்கவில்லை, அவசரத்தைப் பார்த்தேன்.
இரட்டை விலை சொன்னேன்.
பேரம் பேசாமல் எண்ணி வைத்தான்.
ரசீது கிழித்துக் கொடுத்தேன்:
தேதி சரி, தொகை சரி, முத்திரையும் சரி.
நாணயம் மட்டும் அதில் இல்லை.

பதிலுக்குப் பதிலாக ஒரு கேள்வி தேடினேன்.
“அவனிடம் கடன் ஏதும் இருக்கிறதோ?
அதனால்தான் விட முடியவில்லையோ?”

சிரித்தாள். கொட்டகைப் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.
“இருந்தது. அடைத்து இரண்டு வருஷம்.
கடன் இருந்தவரை வாயை அடக்கினேன்.
இப்போதுதான்
தாராளமாகத் திட்டுகிறேன்.”

தூரத்தில் லாரி முனகும் சத்தம்.
செவ்வாய்க்கிழமை. மணி பதினொன்று.
அவள் எழுந்தாள்,
தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

படிவத்தின் அடியில் ஒரு கட்டம்:
வாடிக்கையாளர் மறுத்த காரணம்.
விலை, தரம், தூரம், இதர.
இதர என்றால் விளக்கம் எழுத
மூன்று வரி விட்டிருந்தார்கள்.
மூன்று வரி போதாது,
மூன்றும் என்னைப் பற்றியதாக வேறு இருக்கும்.

தூரம் என்பதில் டிக் போட்டுவிட்டு
நாற்பது காலடி நடந்தேன்.